வெற்று நிலவரைபடத்தில் ஆப்பிரிக்காவைக் கற்பது எப்படி?

உலக நாடுகள் அத்தனையையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். ஒரு கண்டத்தை எடுத்து முழுதாக முடியுங்கள். ஆப்பிரிக்காவில் தொடங்குங்கள் என்பேன். ஐ.நா. உறுப்பு நாடுகளே அங்கு 54 இருக்கின்றன; அங்கே கை பழகிவிட்டால் மற்ற கண்டங்கள் எளிதாகிவிடும். செய்தியில் மாலி என்றோ மலாவி என்றோ படித்ததும் அது எங்கே என்று விரல் தானாகப் போய் நிற்க வேண்டும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

பார்த்துப் படிக்க ஒன்று, எழுதிப் பழக ஒன்று என இரண்டு படங்கள் வேண்டும்.

பார்த்துப் படிக்க மெர்கேட்டர் படம் வேண்டாம். 1569இல் வெளியான அந்த முறை, கப்பலோட்டிகள் திசை பிடிக்க உருவானது. அதில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. 2018இல் வந்த ‘ஈக்வல் எர்த்’ படம் பரப்பளவைச் சரியாகக் காட்டுகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. அதைச் சுவரில் ஒட்டுங்கள்.

எழுதிப் பழக, விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் பெயரில்லாத ஆப்பிரிக்கப் படங்கள் நிறைய இருக்கின்றன. எஸ்விஜி கோப்பாக எடுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதறாது. ஏ3 தாளில் அச்சிடுங்கள். ஏ4 தாளில் டோகோவுக்குள் ஓர் எழுத்துகூட நுழையாது.

அச்சிடுவதற்கு முன் சூடானைப் பாருங்கள். அது ஒரே நாடாக இருந்தால் அந்தப் படம் பழையது. தென் சூடான் 2011இல் பிரிந்துவிட்டது.

கரையோரமாக ஒரு சுற்று

அகர வரிசைப் பட்டியலை வைத்துப் படிக்காதீர்கள். மொராக்கோவில் பென்சிலை வைத்துக் கரையோரமாகவே கிழக்கே போங்கள்: அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து. அங்கிருந்து செங்கடல் பக்கம் இறங்கினால் சூடான், எரித்திரியா, ஜிபூட்டி. பிறகு சோமாலியா, கென்யா, தான்சானியா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா. மேற்குக் கரையில் ஏறினால் நமீபியா, அங்கோலா.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசு அவ்வளவு பெரிய நாடாக இருந்தும், கடலை ஒரு சிறு இடுக்கு வழியாகத்தான் தொடுகிறது. அதற்கு வடக்கே உள்ள துண்டு நிலம் தனி நாடு அன்று. அங்கோலாவைச் சேர்ந்த கபிண்டா. அதைத் தாண்டினால்தான் காங்கோ குடியரசு. அடுத்து காபோன், ஈக்வடோரியல் கினி, கேமரூன், நைஜீரியா.

நைஜீரியாவிலிருந்து செனகல் வரையிலான பகுதிதான் என்னை நெடுநாள் திணறடித்தது. பெனினும் டோகோவும் நின்றவாக்கில் இரண்டு ஒடுங்கிய பட்டைகள். எது எந்தப் பக்கம் என்பது நினைவில் தங்கவே தங்காது. டோகோவின் தலைநகர் லோமே, கானா எல்லையை ஒட்டியே இருக்கிறது. முதலில் அந்தப் புள்ளியை வையுங்கள். கானாவை ஒட்டியது டோகோ என்றானால், நைஜீரியாவை ஒட்டியது பெனின். கானாவுக்கு மேற்கே ஐவரி கோஸ்ட், லைபீரியா, சியரா லியோன், கினி, கினி-பிசாவ். பிறகு வரும் செனகலின் வயிற்றுக்குள், காம்பியா ஆற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கிறது காம்பியா. கடைசியாக மொரிட்டானியா. இந்தப் பகுதியை மட்டும் தனியே பெரிதாக அச்சிட்டு எழுதிப் பழகுங்கள்.

கடலில்லாத 16 நாடுகள்

இவற்றைச் சங்கிலியாகப் பிடித்துவிடலாம். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, தென் சூடான், எத்தியோப்பியா: மேற்கிலிருந்து கிழக்காக ஒன்றையொன்று தொட்டபடி ஏழு நாடுகள். தென் சூடானிலிருந்து கீழே இறங்கினால் உகாண்டா, ருவாண்டா, புருண்டி. இன்னும் தெற்கே ஜாம்பியா. அதைச் சுற்றி மலாவி, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா. தென்னாப்பிரிக்காவுக்குள் முழுக்க அடங்கியது லெசோத்தோ, தென்னாப்பிரிக்காவின் ஓரத்தில் எஸ்வாட்டினி.

மிச்சமிருக்கும் ஆறும் தீவு நாடுகள். அவை சிரமம் தராது.

மறுநாள் எதையும் பார்க்காமல் புதுத் தாளில் எழுதி, சிவப்பு மையால் திருத்துங்கள். செட்டெரா போன்ற இணைய வரைபட விளையாட்டுகள் நல்லவைதான். ஆனால் பெயரைக் காட்டி இடத்தைத் தொடச் சொல்லும் பயிற்சியில், பெயரை நாமே நினைவிலிருந்து எடுக்கும் வேலை இல்லை. தாளில் தேறிய பிறகு வேகத்துக்காக விளையாடுங்கள்.

பின்சேர்ப்பு

மொராக்கோவுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருப்பது எந்த நாடு என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது மேற்கு சகாரா. அதன் பெரும்பகுதி மொராக்கோவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஐ.நா. அதைத் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியமோ அந்தப் பகுதிக்கு உரிமை கோரும் சஹ்ராவி குடியரசை உறுப்பினராக ஏற்றிருப்பதால், அங்கு எண்ணிக்கை 55.

போட்டித் தேர்வு எழுதுவோர் ஆசியாவுக்கு வரும்போது வெளிநாட்டுத் தளங்களின் படத்தை அப்படியே எடுக்க வேண்டாம். காஷ்மீர் எல்லை அவற்றில் வேறாக இருக்கும். இந்திய நில அளவைத் துறை தன் தளத்தில் தரும் படத்தையே பயன்படுத்துங்கள்.