பேட்டரி செத்துவிட்டதா, பட்டினி கிடக்கிறதா? தோட்டத்துக் காப்சாய்க்கு வீட்டுப் பராமரிப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், காப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள் நாள் முழுக்க ஓடும், ஆனால் தூரம் ஓடாது. விடியற்காலை லயத்து வீட்டிலிருந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், அங்கிருந்து வேலை செய்யும் மர வரிசையான நிரை, மதியம் சாமான் கடை, பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம், சாயங்காலம் கோயில். எல்லாமே ஒன்றிரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துகிறோம். பேட்டரி ஒரு வருஷத்திலேயே கைவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்டார்ட்டர் சில வினாடிகளில் இழுத்துக்கொள்ளும் மின்சாரத்தை எஞ்சின் திருப்பிக் கொடுக்க, ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருந்தால் சார்ஜ் அதிகம் ஏறாது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் மலேசியாவில் 1992 முதல் இருக்கிறது. உயிரைக் காக்கும் நல்ல சட்டம் அது. ஆனால் புதிய வண்டிகளில் அந்த விளக்கும் தனக்குரிய பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் பேட்டரிக்கு விடுகிறது. ஆகவே பேட்டரிக்கு என்றைக்கும் அரைவயிறுதான். ஈய-அமில பேட்டரி அப்படியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். நன்றாக இறுகிப்போனது, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கோலகங்சார் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தாலே போதும். காலையில் முதல் ஸ்டார்ட்டைக் காலால் உதைத்து எடுங்கள். எஞ்சின் குளிர்ந்து, எண்ணெய் கெட்டியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் ஸ்டார்ட்டர் மிக அதிகமாக இழுக்கிறது.

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகள்

"பேட்டரி போச்சு" என்று யார் சொன்னாலும் உடனே காசை எடுக்காதீர்கள். ஹார்ட்வேர் கடையில் விலை மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்புக் கம்பி பிளஸ் முனையில், கறுப்பு மைனஸில்.

முதல் அளவை, இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் எடுங்கள். 12.7 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு. அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும். 12.0-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. நன்றாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5 அளவிலேயே நின்றால் அதற்குக் காரணம் வேறு. 12 வோல்ட் பேட்டரிக்குள் சுமார் 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள் உண்டு. அவற்றில் ஒன்று செத்துவிட்டது. இதற்கு வைத்தியம் கிடையாது.

இரண்டாவது அளவு, ஸ்டார்ட்டரை அழுத்திப் பிடிக்கும்போது. எண் இறங்கும், ஆனால் 9.5-க்குக் கீழே விழக் கூடாது. விழுந்தால் முழுதாகச் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரியை மாற்றுங்கள். எண் 12-ஐ ஒட்டி அப்படியே நிற்க, "டக் டக்" சத்தம் மட்டும் வந்து ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டால், கோளாறு ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை விடும் ரிலேயிலோ, தளர்ந்த முனையிலோ, ஸ்டார்ட்டருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷிலோ இருக்கிறது. புதுப் பேட்டரி வாங்கி ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது அளவைத்தான் பலரும் எடுப்பதே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, திராட்டிலை முறுக்கி வேகம் ஏற்றியபடி பாருங்கள். 13.5-க்கும் 15-க்கும் இடையில் இருக்க வேண்டும். 14-ஐ ஒட்டியிருந்தால் நிம்மதி. 12 சொச்சத்தைத் தாண்டவே இல்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் சாக்கெட்டை முதலில் கழற்றிப் பாருங்கள்; பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகியிருப்பது அடிக்கடி நடக்கும். சாக்கெட் நன்றாக இருந்தால் ரெகுலேட்டர், அதற்கும் பிறகுதான் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயில். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை; பேட்டரி கொதித்து வீங்கும், பல்புகள் அடுத்தடுத்து எரிந்துபோகும். இந்த இரண்டில் எது இருந்தாலும், அதைச் சரிசெய்யாமல் போட்ட புதுப் பேட்டரியும் சில மாதத்தில் பழையதன் வழியில்தான் போகும்.

சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கம்பியைக் கழற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் எஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் பீச்சும்) வண்டியின் மூளையான இசியூவைக் கெடுத்துவிடும். பேட்டரியைவிடப் பல மடங்கு விலை அது. இன்னொன்று: பழைய கார்புரேட்டர் ஹோண்டா இஎக்ஸ்5 வண்டிகளில் முன்விளக்கு நேரே மேக்னெட்டிலிருந்து எரிகிறது. விளக்கு பளிச்சென்று இருப்பதை வைத்துப் பேட்டரியை எடைபோட முடியாது. ஹார்னையும் சிக்னலையும் கவனியுங்கள்.

கழற்றுவது, சார்ஜ் போடுவது

சாவியை எடுத்துவிட்டு, முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் திருகைத் திருப்பும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும், சில சமயம் ஸ்பேனரே ஒட்டிக்கொள்ளும். மாட்டும்போது தொல்லை தருவது முனைக்குள் இருக்கும் சிறிய சதுர நட்டுதான். அது கீழே இறங்கிவிடும், திருகு எட்டாது. நட்டின் அடியில் சிறு ஸ்பாஞ்சுத் துண்டையோ மடித்த காகிதத்தையோ செருகினால் நட்டு மேலே நிற்கும், திருகு முதல் சுற்றிலேயே பிடிக்கும்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு கரண்டி ஆப்பசோடாவை அரைக் குவளை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் அந்தக் கரைசல் ஒரு சொட்டுகூட மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. மாட்டி முடித்த பிறகு மேலே வாஸ்லைன் தடவுங்கள்.

தோட்டத்தில் இந்தத் துடைப்பு மாதம் ஒரு தடவை நடக்க வேண்டும். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரம் உப்பு வகை. மூட்டையை ஏற்றி இறக்கும்போது சிந்துவது ஈரத்தோடு சேர்ந்து இரும்பையும் முனைகளையும் அரிக்கும். ரப்பர் பாலில் கலக்கும் அமோனியா செம்புக் கம்பியைத் தின்னும்; பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் சங்கிலியைத் தின்னும். இவற்றை ஏற்றிய அன்று சாயங்காலமே நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவிவிடுங்கள்.

சார்ஜருக்கு ஒரே கணக்கு: பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.5 ஆம்பியர். காலியான பேட்டரி நிறையப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். இரவில் போட்டால் காலையில் எடுக்கலாம். காருக்கான 5, 10 ஆம்பியர் சார்ஜரை மாட்டினால் இந்தச் சின்னப் பேட்டரி சூடாகி வீங்கும். நிறைந்ததும் தானாக நிற்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். எனவே கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ, சாமி விளக்கு எரியும் அறையிலோ வைக்காதீர்கள். காற்றோட்டமான பின்கட்டுதான் சரியான இடம்.

தண்ணீர் ஊற்றும் வகையில் அளவு, மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். நம்மூர் வெயிலில் மாதம் ஒரு தடவை பார்ப்பது நல்லது. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள்; குழாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. மேலும் ஆசிட் ஊற்றினால் தகடு அரிக்கும். பக்கத்தில் தொங்கும் காற்றுக்குழாய் நசுங்காமல், சங்கிலிக்கு எட்டாத இடத்தில் கீழ்நோக்கி இருக்கட்டும்.

புதுப் பேட்டரி வாங்கும்போது, கடையில் ஆசிட் ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டித் தருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊற்றி அரை மணிக்கு மேல் ஊறவிட்டு, முழு சார்ஜ் போட்ட பிறகே மாட்ட வேண்டும். முதல் சார்ஜ் அரைகுறையானால் அந்தப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டாமலே போய்விடும். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். ஈய பேட்டரி, மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனியாக அகற்ற வேண்டிய ஆபத்தான கழிவு. வீட்டுக் குப்பையிலோ ஆற்றோரத்திலோ போடக் கூடாது.

நிறுத்தி வைத்தால் தானாக இறங்குகிறதா? மைனஸ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வையுங்கள். சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கம்பெனி நிலையில் இருக்கும் வண்டி 1 மில்லிஆம்பியரை ஒட்டியே காட்டும். அலாரம் மாட்டிய வண்டியில் 20 காட்டினால், 5 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்து நாளில் குடித்துவிடும் என்று அர்த்தம். ஊருக்குப் போகும்போது மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஃபியூஸ் அடிக்கடி போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டாதீர்கள். ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் எரியும், மேலே பெட்ரோல் இருக்கிறது.

சங்கிலி

இஎக்ஸ்5-இல் சங்கிலியை முழுதாக மூடும் கவசம் உண்டு. மழைக்கு நல்லது, ஆனால் செம்மண் உள்ளே புகுந்தால் கண்ணுக்குத் தெரியாது. கவசத்தின் ரப்பர் மூடியைத் திறந்து விரலால் சங்கிலியைத் தூக்கிப் பாருங்கள். பொதுவாக 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். சில மாடல்களுக்கு 20-30. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதே முடிவு. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளவிடுங்கள். தளர்வான இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது சங்கிலி கிட்டார் கம்பியைப் போல விறைத்து பேரிங்கைத் தின்னும்.

இறுக்க, அச்சு நட்டைத் தளர்த்துங்கள். ஹோண்டா காப்சாய்களில் ஸ்ப்ரோக்கெட் பக்கம் ஸ்லீவ் நட்டு என்று இன்னொன்று இருக்கிறது; அதையும் தளர்த்த வேண்டும். அதை மறந்துவிட்டு அட்ஜஸ்டரை முறுக்கித் திருகை உடைத்தவர்கள் ஏராளம். இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கட்டும். முடித்ததும் பின்பிரேக் ராடைச் சரிசெய்யுங்கள். சக்கரம் பின்னே போனதால் பெடல் ஆட்டம் மாறியிருக்கும். 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் ஒரு பார்வை. சங்கிலிக் கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பின் ஸ்ப்ரோக்கெட்டின் கடைக்கோடியில் சங்கிலியைப் பின்னால் இழுத்தால் பல்லின் பாதி வெளியே தெரிகிறதென்றால் சங்கிலியையும் இரண்டு ஸ்ப்ரோக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எண்ணெய், காற்று

100, 110 சிசி காப்சாய்க்கு எண்ணெய் மாற்றும்போது பிடிப்பது 0.7 லிட்டரிலிருந்து 0.8 லிட்டர். ஒரு லிட்டர் போத்தலை முழுதாகக் கவிழ்த்தால் எஞ்சின் திணறும், எண்ணெய் ஏர் பில்டர் பக்கம் கக்கும். 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40, போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தரம் போட்டிருக்க வேண்டும். கிளட்ச் அதே எண்ணெயில்தான் நனைகிறது. கார் எண்ணெய் ஊற்றினால் வழுக்கும். அளவு பார்க்க வண்டியை நடுஸ்டாண்டில் நிமிர்த்தி, அளவுக்கோலைத் துடைத்து, மரை திருகாமல் சும்மா செருகி எடுங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உள்ளே ஈரம் சேரும். பழைய எண்ணெய் மோட்டார் கடையின் டிரம்மில் சேரட்டும், வாய்க்காலில் வேண்டாம்.

டயருக்கு ஹோண்டா காப்சாய்களில் வழக்கமாக முன்னே 200, தனியாகப் போனால் பின்னே 225, பின்னால் ஆள் ஏறினால் 280 கிலோபாஸ்கல். பெட்ரோல் நிலைய மீட்டரும் இதே கணக்கில்தான் காட்டும்.

மழையும் செம்மண்ணும்

நனைந்த செம்மண்ணிலும், உதிர்ந்த செம்பனை மட்டையின் மேலும் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் அந்த நொடியே வழுக்கும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள், பின்பிரேக் துணைக்கு மட்டும். தாரில் ஏறியதும் கணக்கு மாறுகிறது: அங்கே முன்பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது, ஆனால் டயரில் ஒட்டிய மண் உதிரும் வரை அதையும் மெதுவாகத்தான்.

காப்சாயின் எஞ்சின் படுத்த வாக்கில் இருப்பதால் ஸ்பார்க் பிளக் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. வெள்ளத்தில் முதலில் நனைவது அதுதான். பிளக் தொப்பியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தால் முதல் கியரில், திராட்டிலை ஒரே சீராகப் பிடித்து, நடுவில் விடாமல் போங்கள். கடந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் உருட்டினால் டிரம் காயும். எஞ்சின் தண்ணீரில் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து, பிளக்கைக் கழற்றி, பத்துப் பதினைந்து தடவை உதைத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். அளவுக்கோலைப் பாருங்கள்: எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வெளுத்திருந்தால் ஓட்டக் கூடாது. வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி, சில நிமிஷம் ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி புதிதாக ஊற்றிய பிறகுதான் சாலைக்கு எடுக்கலாம்.