கொடுக்கக் கூடாததும் மறிக்கக் கூடாததும்

ஆடி மாதம் திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். வெளியே கச்சான் காற்று முகத்தைப் பொசுக்கியது. உள்ளே யன்னலெல்லாம் இறுக்கிச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். காதில் பஞ்சோடு படுத்திருந்த தங்கச்சிக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. "தண்ணி குடிச்சா வயிறு வைக்குமாம் அக்கா. ஒரு நாளைக்கு ரெண்டு கப்தான் தருவாங்க" என்றாள். பக்கத்தில் அம்மம்மா பேத்தியின் வாயில் சீனித்தண்ணி தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

தாய்க்குத் தண்ணீரை மறித்துவிட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இப்படித் தலைகீழாகப் போன அன்புதான்.

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் தண்ணீர். பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும், எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பெரிய வயிறு கர்ப்பப்பை சுருங்கச் சுருங்கத்தான் இறங்கும், தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடலில் நீர் வற்றி அசையாமல் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறைகிற ஆபத்துதான் கூடும். மிளகும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறியில் பிழையில்லை, அது ருசியும்கூட. ஆனால் பால் ஊறும் என்று நாள்தோறும் பால்சுறா கொடுப்பதை விடுங்கள். சுறாவில் பாதரசம் அதிகம். கர்ப்பத்தில் அது வேண்டவே வேண்டாம். பால் கொடுக்கும் காலத்திலும் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். நெத்தலியும் சூடையும் நம் கடற்கரையில் கிடைக்கிறதே.

பிள்ளைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், இந்த வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. சீனித்தண்ணி அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிவிட்டால் பிள்ளை மார்பை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் பால் ஊறாது. பிறகு "பால் காணாது" என்று பால்மா வாங்க ஓடுவார்கள். தேன் அதைவிட மோசம். ஒரு வயதுக்குள் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம், காய்ச்சினாலும் அந்தக் கிருமியின் வித்து சாகாது. முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறக் கடும்புப்பாலைப் பழுதென்று பீய்ச்சி ஊற்றுவதும் இன்னும் நின்றபாடில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்தது அதுதான், பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மஞ்சள் காமாலைக்கு வெயில் காட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதை நம்பியிருந்தவள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையை மூன்று நாள் காலையில் விறாந்தை வெயிலில் கிடத்தினோம். நாலாம் நாள் உள்ளங்காலும் மஞ்சள், பால் குடிக்க எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தின் கீழ் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அந்த விளக்கைப் போல வெயிலை நம்ப முடியாது. மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் இரத்தத்தில் மிகக் கூடினால் மூளையும் காதும் பாதிக்கப்படும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, கை காலுக்குப் பரவினாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, உடனே காட்டுங்கள்.

தொப்புளில் சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம், காயவிட்டால் தானாக விழும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. கண்ணுக்கு மை வைக்க வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

சரி, கர்ப்ப காலத்துக்கு வருவோம். கண்ணூறு படும் என்று மூன்று மாதம் முடியும்வரை வாயே திறக்காத வீடுகள் உண்டு. ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், பரவாயில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவமாதுவிடம்) மட்டும் 8 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். சிசுவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழல் கரு உண்டாகி நாலு கிழமைக்குள் மூடிவிடும். போலிக் அசிட் குளிசை அதற்கு முன்பே, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டியது.

கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதிச் சத்து வீண். தேத்தண்ணிக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்; கல்சியம் குளிசையை வேறு வேளையில் போடுங்கள். இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடு என்றால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது குளிசையின் நிறம்தான். கிளினிக்கில் தாய்க்குத் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, "என்ன மகள் மெலிஞ்சு போனா" என்று கேட்பவர்களிடம் நான் என்ன சொல்வது?

காய்ச்சல் வந்தால் கடையில் நோ மாத்திரை வாங்காதீர்கள். அது டெங்குவாகவும் இருக்கலாம்; 2017இல் நம் மாவட்டத்துக் கிண்ணியாவை டெங்கு என்ன பாடு படுத்தியது என்பது நமக்குத் தெரியும். பரசிட்டமோல் தவிர வேறெதுவும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கடைசியாக, "விடியட்டும், பார்ப்போம்." கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வந்துவிட்டது, தோணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; ஆனாலும் விடியட்டும் என்றே இருக்கிறோம். கடும் தலையிடி, கண் மங்கல், இரத்தப் போக்கு, தண்ணீர்க்குடம் உடைதல், வயிற்றுப் பிள்ளையின் துடிப்புக் குறைதல் எதுவானாலும் அந்த நேரமே கிளம்ப வேண்டும். பெற்ற பிறகு துணி நனைந்து வழிகிற இரத்தமும், பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சலோ உடம்பு குளிர்வதோ பால் மறுப்பதோ எல்லாம் அப்படித்தான். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது வீட்டுக்குக் கிட்டவுள்ள கோயில், பள்ளிவாசல், சந்தி ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லி, ஒழுங்கை முகப்பில் டோர்ச்சோடு ஒருவரை நிறுத்துங்கள்.