மனித சீரத்தில் எச்5 ஆன்டிபாடியை அளப்பது: குதிரைச் சிவப்பணு வைத்து எச்.ஐ. சோதனை

ஃப்ளூ வைரஸ் சிவப்பணுக்களைத் திரட்டும்; சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அதைத் தடுக்கும். அந்தத் தடுப்பை அளப்பதுதான் எச்.ஐ. (ஹீமக்ளூட்டினேஷன் இன்ஹிபிஷன்) சோதனை. சீசன் ஃப்ளூவுக்குச் செய்யும் அதை அப்படியே எச்5 பறவைக் காய்ச்சலுக்கும் செய்தால், ஆன்டிபாடி இருக்கிற சீரத்திலும் பல நேரம் ஒன்றும் தெரியாது. மாற்ற வேண்டியது முக்கியமாகச் சிவப்பணுவைத்தான். பிப்பெட், தொடர் நீர்த்தல் எல்லாம் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வைரஸ். வீரியமான எச்5என்1-ஐ சாதாரண ஆய்வகத்தில் தொடவே கூடாது. எச்5 புரதம் வெட்டுப்படும் இடத்தில் வீரியம் தரும் கார அமினோ அமிலங்களை நீக்கி, பிஆர்8 என்ற ஆய்வக ஃப்ளூ வைரஸின் மரபணுக்களோடு சேர்த்து உருவாக்கிய (ரிவர்ஸ் ஜெனட்டிக்ஸ்) வைரஸை வாங்குங்கள். அதற்கும் உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். பரவிக்கொண்டிருக்கும் கிளேடுக்கு (வைரஸின் கிளைவகைக்கு) பொருந்துகிறதா என்றும் பாருங்கள். 2.3.4.4பி என்ற கிளேடுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பழைய கிளேடு வைரஸ் தவறவிடக்கூடும்.

அடுத்து சீரம். 1 பங்கு சீரத்துக்கு 3 பங்கு ஆர்.டி.இ. நொதி (ஆன்டிபாடி அல்லாத தடுப்புப் பொருள்களைச் சீரத்திலிருந்து அழிப்பது) சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம். 6 பங்கு உப்புநீர் சேர்த்தால் 1:10 ஆகிவிடும். உறைவுலர் நிலையில் வரும் ஆர்.டி.இ.யைத்தான் நான் வாங்குவேன்.

இப்போது சிவப்பணு. ஃப்ளூ வைரஸ் ஒட்டுவது செல் மேற்பரப்பில் இருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையில். பறவை வைரஸ் அதில் ஆல்பா 2,3 இணைப்புள்ளதைத்தான் நாடும். கோழி, வான்கோழிச் சிவப்பணுக்களில் 2,3, 2,6 இரண்டும் கலந்திருக்கும். குதிரையினுடையதில் ஏறக்குறைய முழுவதும் 2,3. அதனால்தான் எச்5 ஆன்டிபாடி குதிரைச் சிவப்பணுவில் நன்றாகத் தெரிகிறது. 0.5 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரப் புரதம்) கலந்த பி.பி.எஸ்.-இல் (பாஸ்பேட் உப்புநீரில்) 1 சதவீதக் கரைசலாக வையுங்கள். பி.எஸ்.ஏ.வை விட்டுவிட வேண்டாம்.

வி அடிப் பிளேட்டில் 25 மைக்ரோலிட்டர் சீரத்தை இரட்டிப்பாக நீர்த்து, அதே அளவு வைரஸ் (4 எச்.ஏ. யூனிட்; சிவப்பணுவைத் திரட்டும் திறனின் அலகு) சேர்த்து 30 நிமிடம் அறை வெப்பநிலையில் விடுங்கள். அப்புறம் 50 மைக்ரோலிட்டர் சிவப்பணு. கோழி என்றால் 30 நிமிடத்தில் படிந்துவிடும். குதிரைக்கு 60 நிமிடம் வேண்டும். அவசரப்பட்டுப் படித்தால் டைட்டர் (ஆன்டிபாடி அளவு) தவறாகிவிடும். பிளேட்டைச் சாய்த்துப் பாருங்கள்: முழுத் தடுப்பு உள்ள குழியில் சிவப்புப் பொட்டு வழிந்து இறங்கும். கடைசியாக அப்படி வழியும் குழியின் நீர்த்தல்தான் டைட்டர். அன்றன்றே வைரஸின் பேக் டைட்ரேஷன் (சேர்த்த வைரஸ் அளவு சரிதானா என்று நீர்த்துப் பார்ப்பது) செய்யுங்கள். 50 மைக்ரோலிட்டரில் தொடங்கினால் முதல் நான்கு குழிகள் திரளவேண்டும். அது சரியில்லை என்றால் அன்றைய பிளேட் எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரே ஒரு எச்.ஐ. முடிவை வைத்து ஒருவருக்குத் தொற்று வந்திருந்தது என்று சொல்லிவிடாதீர்கள். மைக்ரோநியூட்ரலைசேஷனும் (வைரஸ் செல்லைத் தொற்றுவதை ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை) சேர்ந்தே வேண்டும். 2024-இல் மிச்சிகன், கொலராடோ பால்பண்ணைத் தொழிலாளர்கள் 115 பேரை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. பரிசோதித்தபோது இரண்டு முறைகளையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். 8 பேருக்கு எச்5 ஆன்டிபாடி இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போன நினைவே இல்லை. இந்தச் சோதனையைக் கவனமாகச் செய்யவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

பிற்சேர்க்கை: வைரஸ் போடாத குழியிலும் திரள்கிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். சீரத்திலேயே குதிரைச் சிவப்பணுவைத் திரட்டும் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். ஆர்.டி.இ. முடித்த சீரம் 20 பங்குக்கு அடர்ந்த குதிரைச் சிவப்பணு 1 பங்கு சேர்த்து, 4 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சுழற்றி, மேலே நிற்பதை எடுங்கள். ஜோடி சீரமாக (ஒரே ஆளிடம் நோயின் தொடக்கத்திலும் சில வாரம் கழித்தும் எடுத்ததாக) இருந்தால் இரண்டையும் இப்படியே தயாரித்து ஒரே பிளேட்டில் ஓட்டுங்கள். அப்போதுதான் நான்கு மடங்கு உயர்வை நம்பலாம்.