காவா சக்கையைக் கொட்டாதீர்கள், இன்னொரு முறை பிசையலாம்

காவா என்பது பசிபிக் தீவுகளில் ஒரு செடியின் வேர்த்தூளைத் துணியில் கட்டி, தண்ணீரில் பிசைந்து பிழிந்து குடிக்கும், உடலைத் தளர்த்தும் பானம். ஃபிஜி காவா (அங்கே யங்கோனா) வீட்டில் கரைக்கும்போது ஒருமுறை பிழிந்ததுமே துணியில் நிற்கும் சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஊற்றிய தண்ணீரில் பாதியளவு ஊற்றி, இன்னும் ஐந்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். தேங்காயில் இரண்டாம் பால் எடுப்பது போலத்தான். இரண்டையும் கலந்தே குடிக்கலாம். தூள் மலிவில்லை, அதனால் இது நல்ல மிச்சம்.

காவா வேரின் குணம் காவாலாக்டோன் என்ற பிசின் போன்ற பொருட்களில் இருக்கிறது. அவை தண்ணீரில் லேசில் கரையாது. கை அழுத்திப் பிசைவதால்தான் நாரிலிருந்து பிரிந்து தண்ணீரில் மிதக்கின்றன. ஊறவைத்தால் மட்டும் போதாது என்பதும் இதனால்தான். சீக்கிரம் ஆகட்டும் என்று கொதிநீர் ஊற்றவும் வேண்டாம். வேரில் மாவுச்சத்து அதிகம், கஞ்சியாகிவிடும், அப்புறம் துணி வழியே இறங்காது. குளிர்ந்த நீரோ, கை பொறுக்கும் வெதுவெதுப்போ சரி. வண்டல் அடியில் தங்குவதால் ஒவ்வொரு சிரட்டை மொள்ளும்போதும் கலக்கிவிடுங்கள்.

உடனடி காவாத் தூளுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. அதில் சக்கையே இருக்காது, நேரே கலக்கிக் குடிப்பதுதான். மூன்றாம் பிழிவு வெறும் மண் நிறத் தண்ணீர், நேரம்தான் வீண். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் காவா பக்கமே போக வேண்டாம். மதுவோடு சேர்த்தும் கூடாது.