டாலண்ட் தொலைநோக்கி: கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டும் முறை

மகோகனி மர உடலும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று பித்தளைக் குழாய்களும் கொண்ட பழைய தொலைநோக்கி ஒன்று சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. கண் வைக்கும் முனையை அடுத்த குழாயில் ‘டாலண்ட், லண்டன்’ (DOLLOND, LONDON) என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது; டாலண்ட் என்பது தொலைநோக்கி செய்து விற்ற லண்டன் குடும்பம் ஒன்றின் பெயர். இத்தகைய கருவியை வைத்திருப்பவர்கள் முதலில் அந்தப் பெயரின் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். அதன் இரண்டு உயிரெழுத்துகளும் ‘ஓ’ (O) ஆகவே இருக்கும்; இரண்டாவது இடத்தில் ‘ஏ’ (A) இருந்தால் அது பெரும்பாலும் டாலண்ட் பெயரின் புகழைப் பயன்படுத்திப் பிறர் செய்து விற்றதாகும்.

குழாய்களை மரையிலிருந்து கழற்றுவதற்குக் குறடு வேண்டவே வேண்டாம். மெல்லிய பித்தளை நசுங்கிவிட்டால் குழாய் மறுபடி உள்ளே நுழையாது. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றிக்கொண்டு கையால் திருகுவதையே நான் விரும்புகிறேன். இறுகிப்போன மரையில் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, லென்ஸ் பக்கம் வழியாதபடி படுக்க வைத்து, ஓரிரவு பொறுத்திருங்கள்.

அடுத்து வருவது முன்முனையிலுள்ள பொருளருகு லென்ஸ். இங்கேதான் நான் தவறினேன். அது ஒரே கண்ணாடி என்று எண்ணி, அதைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகியபோது, இரண்டு கண்ணாடிகள் தனித்தனியாகத் துணிமேல் விழுந்தன. துடைத்துப் பூட்டிப் பார்த்தால், முன்பு தெளிவாகத் தெரிந்த மின்கம்பம் பாலாடை படிந்தாற்போல் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கண்ணாடியை நான் புரட்டி வைத்திருந்தேன்.

அந்த இரட்டைக் கண்ணாடிதான் இக்கருவியின் உயிர். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெசவாளராக இருந்த ஜான் டாலண்ட், மகன் பீட்டர் 1750இல் தொடங்கிய கண்ணாடிக் கருவிக் கடையில் 1752இல் சேர்ந்தார். ஒற்றை லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு தொலைவில் குவிப்பதால் உருவத்தின் விளிம்பில் வண்ணங்கள் படரும். கிரவுன் என்ற ஒருவகைக் கண்ணாடியாலான குவிலென்ஸோடு பிளின்ட் என்ற வேறுவகைக் கண்ணாடியாலான குழிலென்ஸைச் சேர்த்து அந்தக் குறையைப் பெரிதும் குறைத்த அமைப்புக்கு, அவர் 1758இல் காப்புரிமை பெற்றார். செஸ்டர் மூர் ஹால் என்பவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைச் செய்து பார்த்திருந்தார். ஆயினும் பலர் கைக்கு எட்டும் பொருளாக அதை ஆக்கியவர்கள் டாலண்ட் குடும்பத்தினரே என்பதால், என் மதிப்பில் அவர்களுக்கே பெரும்பங்கு உரியது.

ஆகவே வளையத்தைத் திறந்தவுடன், கண்ணாடிகளை அசைக்காமல், இரண்டின் விளிம்பையும் சேர்த்து மென்பென்சிலால் அம்புக்குறி வடிவில் கோடு போடுங்கள். குறியின் கூர்முனை வெளிப்புறம் நோக்கட்டும். எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் இருந்தது என்ற மூன்றையும் அந்த ஒரே குறி சொல்லிவிடும். கண் முனையிலுள்ள குழாயில் உருவத்தை நிமிர்த்திக் காட்டும் லென்ஸ்கள் வரிசையாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே காகிதத்தில் வைத்து எண் இடுங்கள்.

துடைப்பதற்கு முன் மென்தூரிகையால் தூசியை உதறிவிட வேண்டும். தூசியோடு துடைத்தால் கீறல் விழும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி ஷாம்பு கலந்து, பஞ்சால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தாலே போதும்.

பித்தளையைப் பூசைப் பாத்திரம்போல் புளி போட்டு விளக்காதீர்கள். அக்காலத்தவர் பூசிய பொன்னிற மெருகு அழிவதோடு, நாளடைவில் பெயரின் பொறிப்பும் தேயும். உலர்ந்த பருத்தித் துணியே போதும்.

பின்சேர்க்கை: இரண்டு கண்ணாடிகளும் பிரியவில்லையே என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். பிற்காலக் கருவிகளில் அவற்றைக் கனடா பால்சம் என்னும் பிசினால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பிசின் பழுத்து மஞ்சளாகியிருந்தாலும் வெந்நீரில் போட்டுப் பிரிக்க முயலாமல், வெளிப்பக்கங்களை மட்டும் துடைத்துப் பூட்டிவிடுங்கள்.