கனடாக் குளிரில் கறிவேப்பிலை: ஊதா விளக்கா, வெள்ளை விளக்கா?

டொராண்டோ பக்கம் செப்டம்பர் கடைசியில் ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும் கறிவேப்பிலைத் தொட்டிகள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். அப்புறம் நவம்பர் பிறந்தால் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இலை கொட்டுகிறது, க்ரோ லைட் (செடி வளர்க்கும் விளக்கு) வாங்கலாமா, வாங்கினால் என்ன நிறம்? என் பதில், சாதாரண வெள்ளை எல்.இ.டி., 4000 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண், அது கூடக்கூட நீலம் கூடும்). ஊதா வெளிச்சம் அடிக்கிற விளக்கைத் தொடவே வேண்டாம்.

ஊதா எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இலையில் உள்ள பச்சையம் நீலத்தையும் (அலைநீளம் 450 நானோமீட்டரை ஒட்டி) சிவப்பையும் (660ஐ ஒட்டி) அதிகம் உறிஞ்சுகிறது, பச்சையைக் குறைவாக உறிஞ்சுகிறது. அதனால் பச்சை வெளிச்சம் வீண், நீலமும் சிவப்பும் மட்டும் போதும் என்று சொல்லி, இரண்டும் கலந்து ஊதாவாகத் தெரிகிற விளக்குகளை விற்க ஆரம்பித்தார்கள். ஆனால் அது சோதனைக் குழாயில் பிரித்தெடுத்த பச்சையத்தின் கணக்கு, முழு இலையின் கணக்கு வேறு. 1972இல் டெக்சாஸில் மெக்ரீ என்ற விஞ்ஞானி இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறத்திலும் அளந்து பார்த்தபோது பச்சையும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவியது. பச்சை வெளிச்சம் இலைக்குள் ஆழமாகப் போகும், மேலடுக்கைத் தாண்டிக் கீழ் இலைகளுக்கும் கொஞ்சம் இறங்கும். நெருக்கமாக இலை விடுகிற கறிவேப்பிலைக்கு அது லாபம்தான்.

சரி, நிறத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் செடி எவ்வளவு வளரும் என்பதைவிட எந்த உருவத்தில் வளரும் என்பதில்தான் அது அதிகம் தெரியும். நீலம் கூடினால் தண்டு குட்டையாக, தடியாக நிற்கும், இலை நெருங்கி வரும். நீலம் குறைந்தால் தண்டு நீளும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், புதுத் தளிரில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே விரலை வைத்துப் பாருங்கள், கோடையில் வெளியே நின்றபோது வந்த கணுக்களைவிட இடைவெளி இரண்டு மடங்காக இருந்து தண்டும் மெலிந்திருந்தால் செடி வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது என்று அர்த்தம். பெட்டியில் போட்டிருக்கும் கெல்வினை வைத்தே நீலத்தை ஊகிக்கலாம். 3000 கெல்வினில் நீலம் சுமார் பத்தில் ஒரு பங்கு, 6500இல் கால் பங்கை ஒட்டி, 4000 நடுவில். சில விளக்குகளில் தூரச்சிவப்பு (கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் சிவப்பு, 730 நானோமீட்டர்) பல்புகளும் இருக்கும். மற்ற செடிகளின் நிழலில் நிற்கும்போது செடிக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வெளிச்சம்தான், அது கூடினால் பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருப்பதாக நினைத்துச் செடி உயர ஆரம்பிக்கும். ஜன்னலோரத் தொட்டிக்கு அது எதற்கு?

‘வெஜ்’ (இலை வளர), ‘ப்ளூம்’ (பூக்க) என்று இரண்டு பொத்தான்கள் வைத்த விளக்குகள் பெரும்பாலும் கஞ்சா வளர்ப்பவர்களை மனதில் வைத்துச் செய்தவை. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து அது சட்டப்படி சரி, வீட்டுக்கு 4 செடிவரை மத்தியச் சட்டம் விடுகிறது, அதனால் சந்தையே அவர்களைச் சுற்றித்தான் ஓடுகிறது. அவர்களுக்குப் பூ வேண்டும், நமக்கு வேண்டியது இலை. ‘ப்ளூம்’ பெரும்பாலும் சிவப்பைக் கூட்டுகிற பொத்தான், அதை விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நான் பார்த்தவரை முக்கால்வாசிச் செடிகள் வாடுவது வெளிச்சத்தின் அளவு போதாமல்தான். டிசம்பரில் டொராண்டோவில் பகலே சுமார் 9 மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம். பெட்டியில் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே பொடி எழுத்தில் தேடினால் உண்மையில் இழுப்பது 100 வாட் என்று இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தை. ஒரு தொட்டிக்கு உண்மையான 40 வாட் போதும். செடியின் உச்சிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, போனில் வெளிச்சத்தை அளக்கிற இலவச லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கி இலை மட்டத்தில் அளந்து பாருங்கள், 13,000 லக்ஸ் பக்கம் வந்தால் நல்லது. (ஹாலில் மாலை விளக்கு வெளிச்சம் 200, 300 லக்ஸ்தான், கண்ணுக்கு வித்தியாசம் சரியாகத் தெரியாது, அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.) டைமர் போட்டு 14 மணி நேரம் எரியவிடுங்கள். மாதத்துக்கு 17 யூனிட் கரண்ட் ஆகும், அவ்வளவுதான். 24 மணி நேரமும் எரிய விட வேண்டாம், இருட்டும் வேண்டும்.

ஊதாவை வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம், அந்த வெளிச்சத்தில் நோய் தெரியாது. ஹீட்டர் ஓடுகிற காய்ந்த வீட்டில் சிவப்புச் சிலந்திப்பூச்சி கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இலைமேல் ஊசி குத்தின மாதிரி வெளிறிய புள்ளிகள், அப்புறம் காம்போரம் மெல்லிய வலை. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள், விழுந்த தூசி நகர்ந்தால் அது பூச்சி, உடனே குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இரண்டுமே ஊதா வெளிச்சத்தில் உங்கள் கண்ணில் படாது.

விளக்கு எல்லாவற்றையும் சரிசெய்யாது. தொட்டி பேஸ்மென்ட்டின் சில்லென்ற சிமென்ட் தரையில் இருந்தால் வேர் தூங்கிவிடும், இலை கொட்டும், மேலே எந்த நிறம் எரிந்தாலும் சரி. பலகைமேல் தூக்கி வையுங்கள், மண்ணின் மேல் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

மே கடைசியில் வெளியே எடுக்கும்போது நேரே வெயிலில் வைக்காதீர்கள். விளக்கடியில் 13,000 லக்ஸ் பார்த்த இலைக்கு வெளியே உச்சி வெயில் 1,00,000 லக்ஸ், இரண்டே நாளில் வெளுத்துக் கருகும். முதல் வாரம் முழு நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதற்கப்புறம் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.