முதலில் மேசை, பிறகு வரிசை: சிங்கப்பூர் உணவங்காடியில் சாப்பிடும் முறை

சிங்கப்பூருக்கு ஒரு வாரம் வரும் நம்மவர்களில் பலர் மூன்று வேளையும் சிராங்கூன் ரோட்டில் இட்லி, தோசை, பிரியாணி என்று முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊர் தினமும் சாப்பிடும் இடமான உணவங்காடி நிலையத்துக்கு உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தையும் புரியாத பெயர்ப்பலகைகளையும் கண்டு வெளியே வந்துவிடுவார்கள். யாரிடம் சொல்வது, எங்கே காசு கொடுப்பது, அந்தத் தட்டில் என்ன கறி என்று எதுவும் தெரியாததுதான் காரணம். முறை தெரிந்துவிட்டால் பத்து வெள்ளிக்குள் வயிறு நிறைய, நல்ல கையால் சமைத்த சாப்பாடு கிடைக்கும். இங்கே வாழும் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கடையில் அப்படிக் கேட்டால் திகைக்க வேண்டாம்.

உணவங்காடி என்பது ஒரே ஓட்டல் அல்ல. ஒரு கூரையின் கீழ் பல சின்னக் கடைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான மேசைகள். பெரும்பாலும் ஏசி கிடையாது, மின்விசிறிதான். 1968, 69இல் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்த அரசு, 1971 முதல் 1986 வரை அவர்களைத் தண்ணீர்க் குழாய், சாக்கடை வசதியுள்ள கட்டடங்களுக்குப் படிப்படியாகக் குடியேற்றியது. 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இந்த வரலாற்றில் சாப்பிடப் போகிறவருக்கு ஒரு பயனுள்ள செய்தி உண்டு. பெரும்பாலான கடைகள் பழைய தள்ளுவண்டியைப் போல ஒன்றிரண்டு பண்டத்தை மட்டுமே செய்யும். அதனால் "எந்த உணவங்காடி நல்லது" என்று கேட்பதைவிட "அங்கே எந்தக் கடையில் எதைச் சாப்பிடலாம்" என்று கேளுங்கள். கோழிச்சோற்றுக்குப் பெயர்போன கடையில் நூடுல்ஸ் தேடக் கூடாது.

நேரம்

பன்னிரண்டு மணிக்கு அலுவலகங்கள் காலியாகி, அத்தனை பேரும் இங்கே வந்து நிற்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு 11.15க்குள் போய்விடுங்கள், இல்லையென்றால் 1.45க்கு மேல் போங்கள். ஆனால் பெயர்பெற்ற கடைகளில் இரண்டு மணிக்கே பாத்திரம் காலியாகிவிடலாம் என்பதால் முதல் வழிதான் நல்லது. திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. காலைக்கடை மாலையில் இருக்காது, சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) கடை காலையில் இருக்காது. துப்புரவுப் பணிக்காக அவ்வப்போது முழு நிலையமே மூடப்படுவதும் உண்டு. தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடும். ஒரு கடைக்காகவே தொலைவிலிருந்து வருவதானால் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேசை பிடித்தல்

கூட்ட நேரத்தில் தட்டை வாங்கிய பிறகு மேசை தேடினால் சூப் ஆறிவிடும், கையும் சுடும். முதலில் இடம் பிடிக்க வேண்டும். ஆளில்லாத மேசையில் ஒரு டிஷ்யூ பேப்பர் பொட்டலம் கிடக்கிறதா? அது யாரோ மறந்துபோனது அல்ல, பஸ் சீட்டில் துண்டு போடுவது போலத்தான். இதற்கு இங்கே 'சோப்' பண்ணுவது என்று பேர். அதை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள். நீங்களும் டிஷ்யூ பொட்டலமோ குடையோ வைத்துவிட்டுப் போகலாம். பர்ஸ், பாஸ்போர்ட் வைத்து இடம் பிடிக்க வேண்டாம். டிஷ்யூவை எப்படியும் கையோடு கொண்டுவர வேண்டும், ஏனென்றால் கடையில் தரமாட்டார்கள். தனியாக வந்தவர் நான்கு பேர் மேசையில் பாதி காலியாக இருந்தால் "உட்காரலாமா?" என்று சைகையில் கேட்டு உட்காரலாம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. மேசையில் எண் ஒட்டியிருந்தால் அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சாத்தே, கடலுணவு விற்கும் கடைகள் மேசைக்கே கொண்டுவரும், அப்போது எண் கேட்பார்கள்.

நம் ஊர் ஓட்டல் பழக்கம் இரண்டை இங்கே மறக்க வேண்டும். உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் வராது, பாட்டில் கொண்டுவாருங்கள் (குழாய்த் தண்ணீரே குடிக்க உகந்தது). கூடுதலாகச் சாம்பார் ஊற்ற ஆள் வரமாட்டார், தட்டில் வைத்ததுதான் கணக்கு.

கடை முன்னால்

வரிசை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து நில்லுங்கள். பக்கத்துக் கடை வரிசையும் இதோடு கலந்து நெளிந்து கிடக்கும், அரை மணி நேரம் தப்பான வரிசையில் நிற்பது நடக்கிற காரியம். நிற்கும்போதே முடிவு செய்து, உங்கள் முறை வந்ததும் மூன்று விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லுங்கள்: என்ன, எத்தனை, இங்கேயா பார்சலா. சீனக் கடைகளில் பார்சலுக்கு 'தாப்பாவ்', மலாய்க் கடைகளில் 'புங்குஸ்'. டப்பாவுக்கு 20, 30 காசு கூடும். கடைக்காரர் பெரியவராக இருந்தால் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவதே இந்த ஊர் மரியாதை. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் தமிழ்க் கடைகளில் "அண்ணே, ரெண்டு முட்டை பரோட்டா, ஒரு தே தாரிக், இங்கேயே" என்று தாராளமாகத் தமிழிலேயே சொல்லலாம்.

காசு அப்போதே கொடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் க்யூஆரை ஸ்கேன் செய்து போய்விடுவார்கள், வெளிநாட்டு அட்டையைப் பல கடைகள் எடுக்காது. 2, 5, 10 வெள்ளித் தாள்களாக வைத்திருங்கள். ஐம்பதை நீட்டினால் அங்கிள் முகம் சுருங்கும். டிப்ஸ் வேண்டாம்.

பல பதார்த்தங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் சோற்றுக் கடையில் விரலால் காட்டினால் போதும். ஆனால் அங்கேதான் பலருக்குக் கணக்கு உதைக்கும். இரண்டு காய், ஒரு கறி என்றால் மலிவு. மீன், இறால் பக்கம் விரல் போனதும் விலை ஏறும். சோற்றில் வைக்கும் முன்பே விலை கேளுங்கள். எடை போட்டு விற்கும் மீன், நண்டு, இறாலுக்கும் அதே விதிதான். பலகையில் இருப்பது பெரும்பாலும் 100 கிராம் விலை. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று தெரிந்த பிறகே சரி சொல்லுங்கள்.

கோப்பி கேட்கும் மொழி

இதைக் கற்றுக்கொள்வதுதான் இந்த ஊரின் உண்மையான நுழைவுச்சீட்டு. பானக் கடை தனியாக இருக்கும். நீண்ட மூக்குள்ள தகரக் கூஜாவில் துணிப்பை வடிகட்டி தொங்க, அதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரு கூஜாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வடித்து டிகாக்ஷன் இறக்குவார்கள். கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்து வறுப்பதால் கருகிய வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசம் வரும். நம் டிகிரி காபியை எதிர்பார்த்துக் குடிக்க வேண்டாம், இது வேறு சரக்கு.

வெறும் 'கோப்பி' என்றால் இனிப்பான டின்பால் சேர்த்தது. 'கோப்பி-ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி-சி' என்றால் இனிப்பில்லாத டின்பாலும் சர்க்கரையும். இந்த மூன்றுதான் அடித்தளம். இதன்மேல் இனிப்பின் அளவைச் சொல்ல வேண்டும்: 'சியூ தாய்' என்றால் சர்க்கரை குறைவு, 'கொசோங்' என்றால் சர்க்கரையே வேண்டாம் (மலாயில் காலி, வெறுமை என்று பொருள்). பிறகு டிகாக்ஷன்: 'காவ்' என்றால் ஸ்ட்ராங், 'போ' என்றால் லைட். கடைசியில் 'பெங்' சேர்த்தால் ஐஸ் போட்டது. டீக்கும் இதே இலக்கணம்தான், கோப்பிக்குப் பதில் 'தே' போட்டால் போதும். ஆக, பால் உண்டு, சர்க்கரை வேண்டாம், ஐஸ் வேண்டும் என்றால் 'தே-சி கொசோங் பெங்'. நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாத சொற்கள் 'கோப்பி-ஓ கொசோங்', 'கோப்பி-சி கொசோங்' இரண்டும்தான். வெறுமனே 'கோப்பி கொசோங்' என்று கேட்டால் குழப்பம் வரும். டின்பாலிலேயே இனிப்பு இருப்பதால் அதை எடுக்க முடியாது, கடைக்காரர் தன் யூகத்துக்கு எதையாவது போட்டுத் தருவார்.

கண்ணாடி டம்ளரில் வரும் கோப்பியின் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளையாகப் பால் தேங்கி நிற்கும். கரண்டியை அடிவரை விட்டு நன்றாகக் கலக்குங்கள். கலக்காமல் குடித்தால் மேலே கஷாயம், அடியில் பாயசம்.

'தே தாரிக்' நமக்குச் சொந்தக்காரர். தாரிக் என்றால் இழுப்பது. நம் டீ மாஸ்டர் ஆற்றுகிற அதே ஆற்றல்தான், நுரை கூடுதல். இஞ்சி டீ வேண்டுமானால் 'தே ஹாலியா'.

தட்டில் என்ன இருக்கிறது

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கறி கண்ணில் படாததால் சைவம் என்று நம்பக் கூடாது. சீனக் கீரை வதக்கலில் சிப்பி சாஸ் ஊற்றுவது வழக்கம். மலாய் சம்பலில் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். 'கேரட் கேக்' என்ற பண்டத்தில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. அரிசிமாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அவித்த கட்டியை முட்டையோடு வதக்குவது அது, பன்றிக் கொழுப்பில் வதக்கும் கடைகளும் உண்டு. சீன ரோஜாக்கில் பழத்துண்டுகளின் மேல் ஊற்றும் கருப்புச் சாஸ் இறாலில் செய்தது. பரோட்டாவுக்கு ஊற்றும் குழம்பும் மீன் குழம்பாக இருக்கலாம், பருப்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். "மீட் இல்லையா?" என்று கேட்டால் இறாலும் மீனும் மீட் கணக்கில் வராமல் போகலாம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பௌத்த முறைச் சைவக் கடை பல நிலையங்களில் இருக்கிறது. அங்கே கறி மாதிரியே தெரிவது சோயாவும் மாவும்தான், பயப்பட வேண்டாம்.

மலாய்ச் சொற்களில் சில கைகொடுக்கும்: ஆயாம் கோழி, கம்பிங் ஆடு, லெம்பு அல்லது டாகிங் மாடு, இகான் மீன், உடாங் இறால், தெலூர் முட்டை, பாபி பன்றி. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் சாத்தே கலவைத் தட்டு வாங்கும் முன் கேளுங்கள், அதில் மாடு சேர்ந்திருக்கலாம். ஹலால் கடைகளில் சான்றிதழ் முன்னால் ஒட்டியிருக்கும்.

தட்டைத் திருப்பி வைத்தல்

இது மரியாதை மட்டுமல்ல, சட்டம். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டு, கிண்ணம், டிஷ்யூ, எலும்பு எதையும் மேசையில் விட்டுப் போகக் கூடாது. முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, இரண்டாவது தடவை 300 வெள்ளி அபராதம். வாங்கும்போதே தட்டத்தோடு (டிரே) வாங்குங்கள், திருப்ப எளிது. திருப்பும் அடுக்குகளில் ஹலாலுக்குத் தனி இடம் இருக்கும், பலகையைப் படித்து வையுங்கள். மலாய்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் தட்டைப் பன்றி நூடுல்ஸ் கிண்ணத்தோடு அடுக்குவது இன்னொருவரின் நம்பிக்கையைக் கெடுக்கும் செயல். எழுந்து போன மேசையில் மிச்சம் வைத்தால் மைனாக்கள் நொடியில் இறங்கிக் கிளறும். கூட வந்தவர் கோப்பி வாங்கப் போயிருந்தால் ஒருவர் காவல் இருங்கள்.

ஒரு நாள் சுற்று

காலை எட்டரைக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் சி வாசல் வழியாக மேலே வந்தால் எதிரே தேக்கா நிலையம். 1982இல் கட்டியது. கீழ்த்தளத்தில் ஒருபக்கம் மீன், கறி, வாழைப்பூ விற்கும் ஈரச்சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணி, தையல். கொசோங் பரோட்டா, அதாவது வெறும் பரோட்டா, இரண்டு சொல்லுங்கள். நம் ஊர் பரோட்டாவைவிட மெல்லியது, மேல் மொறுமொறுப்பு. ஆறினால் தோலாகிவிடும், வந்ததும் பிய்த்துவிடுங்கள். பக்கத்து மேசையில் ஒருவர் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார், அதையும் ஒரு துண்டுக்குச் செய்து பாருங்கள்.

அங்கிருந்து ஊதா நிறத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். அங்குள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் 200க்கும் மேற்பட்ட கடைகளுடன் இந்த ஊரிலேயே பெரிய உணவங்காடி. மாடியில் வரிசைகளுக்குள் வழி தவறும், கடையின் கதவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்தால் பத்து நிமிடத்துக்குள் மேக்ஸ்வெல் உணவங்காடி. கோழிச்சோற்றுக்கு அங்கே 11.15 மணிக்கு நில்லுங்கள். கோழி வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டு வேகவில்லையோ என்று திருப்பித் தராதீர்கள். பக்குவமாக வேகவைத்துக் குளிர்நீரில் முக்குவதால்தான் தோல் வழவழப்பாக நிற்கிறது. ருசி உண்மையில் சோற்றில் இருக்கிறது. கோழிக்கொழுப்பில் பூண்டு, இஞ்சி வதக்கி, கோழி வடிசாற்றில் வேகவைத்த சோறு. ஒரு வாய் வெறும் சோறு, ஒரு வாய் மிளகாய்ச் சட்னியோடு என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

பகலில் வெயில், ஏசி உள்ள இடத்தில் ஓய்வெடுத்துவிட்டு, வார நாளானால் மாலை ஏழுக்கு மேல் லாவ் பா சாட் உணவங்காடி. வார்ப்பிரும்புத் தூண்களும் எண்கோண அமைப்பும் கொண்ட 1894ஆம் ஆண்டுக் கட்டடம். அதன் பக்கத்தில் பூன் டாட் தெருவைக் கயிறு கட்டி மறித்து மேசை போடுவார்கள், வானளாவிய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில் கரி அடுப்புப் புகை எழும். சாத்தேயைக் குச்சிக் கணக்கில் விற்பார்கள், பத்துக்குக் குறைந்து தராத கடைகள் உண்டு. இருவருக்கு இருபது போதும். வேர்க்கடலைச் சாஸைக் கிண்ணத்தின் அடியிலிருந்து கலக்கி, வெள்ளரித் துண்டையும் வெங்காயத்தையும் அதே குச்சியில் குத்தித் தொட்டுச் சாப்பிடுங்கள். புகை வரும் திசையில் உட்கார்ந்தால் கண் எரியும், துணியில் வாசம் இரண்டு நாள் போகாது. அடுப்புக்குக் காற்று வரும் பக்கமாக மேசை பாருங்கள்.

மிஞ்சிய குச்சிகளைத் தாப்பாவ் பண்ணிக்கொள்ளலாம். ஆனால் பையை இறுகக் கட்டுங்கள். எம்ஆர்டிக்குள் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம், ஒரு வாய் தண்ணீருக்கும் அதே சட்டம். தாகத்தை வாசலிலேயே தீர்த்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.